இருப்பு வைத்த நிலக்கடலையில் பூஞ்சணம்: ரொட்டிக்குப் போடும் பதப்பொருளைப் பருப்பில் கலக்கலாமா?

மல்லாட்டை மூட்டை (கேள்வி)

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் சிறிய அளவில் நிலக்கடலை வணிகம் செய்து வருகிறேன். எங்கள் பக்கத்தில் இதை மல்லாட்டை என்பார்கள். மணிலா என்று சொல்வதும் உண்டு. ஐப்பசி வாக்கில் வரும் மானாவாரிக் காயை விவசாயிகளிடம் நேரடியாக வாங்கி, இயந்திரத்தில் உடைத்து, பருப்பை 80 கிலோ மூட்டைகளாகப் பிடித்துக் கிடங்கில் அடுக்கி வைத்து, தை, மாசி மாதங்களில் கடலை மிட்டாய் செய்வோருக்கும் வறுகடலை விற்போருக்கும் அனுப்புவது என் வழக்கம்.

இவ்வாண்டு அறுவடை நேரத்தில் மழை விடாமல் பெய்தது. சென்ற மாதம் அனுப்பிய 60 மூட்டைகளை வாங்கியவர் ஆய்வகத்தில் சோதித்துவிட்டு, பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சான அஃப்லடாக்சின் கிலோவுக்கு 34 மைக்ரோகிராம் இருப்பதாகவும், பதப்படுத்துவதற்கு முந்தைய கடலைக்குச் சட்டம் அனுமதிப்பது 15 மட்டுமே என்றும் கூறித் திருப்பி அனுப்பிவிட்டார். கிடங்கில் இன்னும் 140 மூட்டைகள் இருக்கின்றன. கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சில மூட்டைகளின் அடிப்பகுதியில் மட்டும் இலேசான பூஞ்சண வாடை வருகிறது.

உணவுக்கான வேதிப்பொருள்களை விற்கும் ஒருவர், ரொட்டியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்படும் கால்சியம் புரோப்பியோனேட் தூளைக் கிலோவுக்கு 3 கிராம் வீதம் பருப்பில் கலந்துவிட்டால் நான்கு மாதத்துக்குக் கவலை இல்லை என்கிறார். வேறொருவர், பொட்டாசியம் சார்பேட்டைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பதே நல்லது என்கிறார். இரண்டும் மனிதர்கள் உண்ணும் பொருளில் சேர்ப்பவைதாம் என்பதால் தீங்கு இருக்காது என்று தோன்றுகிறது. இவை கடலையில் உண்மையில் வேலை செய்யுமா, எவ்வளவு சேர்க்க வேண்டும், சட்டப்படி சேர்க்கலாமா, திரும்பி வந்த 60 மூட்டைகளுக்கு இதனால் ஏதேனும் பயன் உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆய்வக மேசை

வணக்கம் ஐயா. உணவு வேதியியல் ஆய்வகங்களில் நெடுங்காலம் பணி செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கான பதில் மிகச் சுருக்கமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த 60 மூட்டைகளுக்கு எந்தப் பதப்பொருளாலும் பயன் இல்லை. பதப்பொருள் பூஞ்சணத்தின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது. பூஞ்சணம் ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட நஞ்சை அது தொடுவதில்லை. அந்த நஞ்சின் முக்கிய வகையான அஃப்லடாக்சின் பி1 உருகும் வெப்பநிலையே ஏறத்தாழ 268 டிகிரி செல்சியஸ். வறுக்கும்போது ஒரு பகுதி குறையும் என்றாலும், வறுப்பதை நம்பி 34ஐ 15க்குள் கொண்டுவந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

இனி மீதமுள்ள 140 மூட்டைகள். ரொட்டியில் வேலை செய்யும் பொருள் கடலையில் ஏன் தடுமாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அளவைப் பற்றிய கேள்வியே வேறு வடிவம் பெற்றுவிடும். புரோப்பியோனிக், சார்பிக், பென்சாயிக் ஆகிய மூன்றும் வலுக்குறைந்த அமிலங்கள். அவற்றின் உப்புகளைத்தான் நாம் தூளாக வாங்குகிறோம். இவை பூஞ்சணத்தின் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்ய வேண்டுமானால் அமிலம் அயனியாகப் பிரியாத நிலையில் இருக்க வேண்டும். எந்த அளவு பிரியாமல் இருக்கும் என்பதை உணவின் புளிப்பு, அதாவது அதன் பி.எச். அளவு, தீர்மானிக்கிறது. ரொட்டியின் பி.எச். 5.5 என்று கொண்டால் சேர்த்த புரோப்பியோனேட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செயல்படும் நிலையில் இருக்கும். கடலைப் பருப்பின் பி.எச். ஏறத்தாழ 6.5. அங்கே அதே புரோப்பியோனேட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் செயல்படும் நிலையில் இருக்கும். சார்பேட்டும் அதே நிலைதான். பென்சோயேட்டில் நூற்றுக்கு அரைப் பங்குதான் தேறும். ஊறுகாயிலும் பழச்சாற்றிலும் பென்சோயேட் நன்றாக வேலை செய்வதற்கு அவற்றின் புளிப்பே காரணம்.

இரண்டாவது சிக்கல் எண்ணெய். பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். பிரியாத நிலையில் இருக்கும் சார்பிக் அமிலம் எண்ணெயில் கரைந்து ஒதுங்கிக்கொள்ளும் இயல்புடையது. பூஞ்சணமோ ஈரம் இருக்கும் பகுதியில் வளர்கிறது. ஏற்கெனவே சிறிதாக இருக்கும் பயனுள்ள பங்கு இதனால் இன்னும் சிறுத்துவிடுகிறது. மூன்றாவது, சீராகப் பரவுதல். ரொட்டியில் பதப்பொருள் மாவோடு பிசையப்பட்டு எங்கும் ஒரே அளவாக இருக்கிறது. மேலும் ரொட்டி ஒரு வாரம் கெடாமல் இருந்தால் போதும். உங்கள் பருப்பு நான்கு மாதம் இருக்க வேண்டும். உலர்ந்த பருப்பில் உலர்ந்த தூளைக் கலந்தால் அது தோலின் மேல் ஒட்டியும் ஒட்டாமலும் நின்று, மூட்டையை நான்கு முறை புரட்டினால் அடியில் இறங்கிவிடும். இரண்டு பருப்புப் பிளவுகளுக்கு நடுவே வளரும் பூஞ்சணத்தை அது எட்டவே எட்டாது.

அப்படியானால் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாமே என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோ மூட்டையில் 7 விழுக்காடு ஈரம் என்றால் அதில் 5.6 கிலோ தண்ணீர் இருக்கிறது. ஒரு மூட்டைப் பருப்பைச் சீராக நனைக்க ஒரு லிட்டர் கரைசலாவது வேண்டும். அதைத் தெளித்த பிறகு ஈரம் 8 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பூஞ்சணத்துக்கு மருந்து என்று எண்ணிக்கொண்டு, அதற்கு வேண்டிய ஒரே பொருளான தண்ணீரை நாமே கொண்டுபோய் ஊற்றுகிறோம்.

நான் மிகவும் அஞ்சுவது அளவு குறைந்து போவதைத்தான். பூஞ்சணத்தைக் கொல்லாமல் நெருக்குவதோடு நின்றுவிடும் குறைந்த அளவில் வளர்ச்சி தாமதமாகும். ஆனால் சில சூழல்களில் நஞ்சு உற்பத்தி கூடிவிடுவதை ஆய்வாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். சுவீடனில் 1980களில் ஈரமான பார்லியைக் காயவைக்காமல் ஃபார்மிக் அமிலம் தெளித்துச் சேமித்து மாடுகளுக்குக் கொடுத்தார்கள். அமிலம் போதாத இடங்களில் மற்ற நுண்ணுயிர்கள் அடங்கிப் போக, போட்டியே இல்லாத களத்தில் அஃப்லடாக்சினை உண்டாக்கும் அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சணம் தழைத்து, இறுதியில் பாலில் நஞ்சு தெரியவந்தது. குளிரான அந்த நாட்டில் அஃப்லடாக்சின் ஒரு சிக்கலாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. அர்ஜென்டினாவில் கடலை அதிகம் விளையும் கோர்டோபா மாநிலத்தின் ரியோ குவார்ட்டோ பல்கலைக்கழகத்தினர், எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பி.எச்.ஏ. என்ற பொருளையும் புரோப்பைல் பாராபென் என்ற பதப்பொருளையும் கடலையில் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இவை பினால் வகையைச் சேர்ந்தவை என்பதால் புளிப்பை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. பூஞ்சணமும் நஞ்சும் குறைந்தன என்பது உண்மை. ஆனால் நல்ல பலன் கிடைத்தது, எண்ணெய், கொழுப்பு வகைகளில் பி.எச்.ஏ.வுக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற அளவைப் பலமடங்கு தாண்டிய அளவுகளில். கடலை ஈரமாக இருக்க இருக்க, தேவைப்படும் அளவும் ஏறிக்கொண்டே போனது. அந்த ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது, ஈரம் குறைவாக இருந்த கடலையில்தான் பதப்பொருளும் நன்றாக வேலை செய்தது என்பதே. அந்தக் குறைந்த ஈரத்தை இன்னும் சற்றுக் குறைத்துவிட்டால் பதப்பொருளுக்கே வேலை இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் பதப்பொருள்களைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. எந்த உணவு வகையில் எந்தப் பொருள் எவ்வளவு என்று தனித்தனியாகவே அனுமதிக்கின்றன. ரொட்டிக்கு அனுமதி இருப்பது பச்சைக் கடலைப் பருப்புக்கு அனுமதி ஆகாது. விற்பனையாளர் சொன்னதை நம்பிக் கலப்பதற்கு முன்னால், உங்கள் உரிமத்தின் கீழ் அது செல்லுமா என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். கிடைக்கும் பதில் உங்களுக்கு உவப்பாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

களத்துமேடு

திருவண்ணாமலைப் பக்கம் முப்பது ஆண்டுகளாகக் கடலை வாங்கி விற்பவன் நான். வேதியியல் எனக்குத் தெரியாது; மேலே எழுதிய ஐயா சொன்ன ஈரக் கணக்கு மட்டும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதில்தான் நம் இலாபமும் நட்டமும் இருக்கின்றன.

கேள்வி கேட்டவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். காயை இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்தீர்களா? பருப்பு உடையாமல் முழுசாக விழ வேண்டும் என்பதற்காக நம் ஊர்களில் பெரும்பாலான உடைப்பு நிலையங்களில் காய்க் குவியலின் மேல் தண்ணீர் தெளித்து ஓரிரவு மூடி வைப்பார்கள். உடைசல் குறைவதும், முழுப் பருப்புக்கு விலை கூடுவதும் உண்மைதான். ஆனால் அந்த ஈரத்தை யாரும் பிறகு இறக்குவதில்லை. உடைத்த கையோடு சாக்கில் பிடித்துத் தைத்துவிடுகிறோம். ஈரம் இறங்காமல் இருப்பதில் எடையும் நிற்கிறதே! 10 விழுக்காடு ஈரத்தில் இருக்கும் 80 கிலோவை 7க்கு இறக்கினால் 77 கிலோ 400 கிராம்தான் நிற்கும். மூட்டைக்கு 2 கிலோ 600 கிராம் காற்றில் போய்விட்டது என்று எந்த வியாபாரி மனமுவந்து எழுதிக்கொள்வான்? விவசாயியும் அதே கணக்கைத்தான் நம்மிடம் போடுகிறார். காயைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று ஒலி வர வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும் என்பது எங்கள் அப்பா காலத்துச் சோதனை. ஐப்பசி மழையில் வந்த காய் குலுக்கினால் ஊமையாக இருக்கும். அதையும் நாம் விலையைக் குறைத்து வாங்கிப் போடுகிறோம்.

ஒரு மருந்து விற்பனையாளர் நான்கு மாதத்துக்குக் கவலை இல்லை என்று சொல்லும்போது நமக்கு இனிப்பாக இருப்பது அதனால்தான். 2 கிலோ 600 கிராமை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று அவர் சொல்கிறார். 240 கிராம் தூள் வாங்கினால் போதும் என்கிறார்.

வேப்பிலை, நொச்சி இலை போட்டு வைப்பதைப் பற்றியும் யாராவது எழுதுவார்கள். வண்டுக்கு ஓரளவு உதவும். பூஞ்சணத்துக்கு நான் பார்த்தவரை ஒன்றும் ஆகவில்லை. பச்சையாகப் போட்டால் இலையின் ஈரமும் மூட்டைக்குள் சேரும்.

மல்லாட்டை மூட்டை

இருவருக்கும் நன்றி. களத்துமேடு ஐயா கேட்டது சரிதான். உடைப்பு நிலையத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நானே அருகில் நின்று பார்த்தேன். அதை ஒரு குறையாக நினைத்துப் பார்த்ததே இல்லை. ஈரமானி என்னிடம் இல்லை. மழைக்கால வரத்து முழுவதும் சணல் சாக்கில், சிமெண்டுத் தரையின் மேல் நேரடியாக, சுவரை ஒட்டித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. வண்டு வராமல் இருக்க நவம்பரில் புகைமூட்டம் போட்டோம். அதிலேயே பூஞ்சணமும் செத்திருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

மேலும் இரண்டு ஐயங்கள். திரும்பி வந்த 60 மூட்டைகளை மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவர் விலை குறைத்து எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். எண்ணெயில் நஞ்சு இறங்காது, புண்ணாக்கோடு போய்விடும் என்கிறார். அது உண்மையா? அடுத்து, இந்த 140 மூட்டைகளில் எது நல்லது, எது கெட்டது என்று ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடாதா?

கன்றும் பசுவும்

நான் கால்நடை மருத்துவர். செக்குக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்குகிறது என்பது சரி. ஆனால் புண்ணாக்கு எங்கே போகிறது? நம் ஊரில் அது பசுவின் தொட்டிக்குப் போகிறது.

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்ததே புண்ணாக்கின் வழியாகத்தான். 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு தீவனத்தில் கலந்திருந்ததும், அதில் அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணத்தின் நஞ்சு இருந்ததும் பிறகு தெரிந்தன. அந்தப் பூஞ்சணத்தின் பெயரைச் சுருக்கித்தான் அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். இன்று அது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட பொருள்களின் முதல் பிரிவில் இருக்கிறது.

உங்கள் பருப்புக்கே கணக்கு போடுவோம். பருப்பில் 34 மைக்ரோகிராம். எண்ணெய் போனபின் எடையில் பாதிக்குச் சற்று மேல் புண்ணாக்காக நிற்கும். நஞ்சில் பெரும்பகுதி அதில் தங்கினால் கிலோவுக்கு ஏறத்தாழ 60. ஒரு பசு நாளைக்கு 2 கிலோ தின்றால் 120 மைக்ரோகிராம். அவ்வளவும் பி1 வகை என்றே கொண்டு, அதில் 2 விழுக்காடு எம்1 என்ற வடிவில் பாலுக்கு வந்தால், 10 லிட்டர் பாலில் லிட்டருக்கு 0.24 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பான 0.5க்குள் இது அடங்கிவிடும். ஐரோப்பிய வரம்பான 0.05க்கு இது ஐந்து மடங்கு. நிறையப் பால் தரும் மாடுகளில் 2 விழுக்காடு என்பது 6 வரைக்கும் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் சராசரி மூட்டைக்கான கணக்கு. ஒதுக்கித் தள்ளிய சொத்தைப் பருப்பை மட்டும் தனியாக ஆட்டும் வழக்கம் பல செக்குகளில் இருக்கிறது; அந்தப் புண்ணாக்கில் நஞ்சு நூற்றுக்கணக்கில் இருக்கும். அதைத் தின்ற பசுவின் பாலில் ஒரே நாளுக்குள் எம்1 தோன்றிவிடும், கொதிக்கவைத்தாலும் போகாது. கறவை மாடு வைத்திருப்பவர் கொடுத்த விலைக்கு என்ன வாங்கினார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

புகைமூட்டத்தைப் பற்றியும் ஒரு சொல்: அலுமினியம் பாஸ்பைடு வண்டைக் கொல்லும். பூஞ்சணத்தை அதைக்கொண்டு கட்டுப்படுத்திவிட்டதாக எண்ணிவிட வேண்டாம்.

ஆய்வக மேசை

எண்ணெய் பற்றி மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். பெரிய ஆலைகளில் எண்ணெயைக் காரம் சேர்த்து, வெளுப்பு மண்ணில் வடித்துச் சுத்திகரிக்கும்போது, அதில் இறங்கிய சிறு பங்கு நஞ்சும் ஏறக்குறைய நீங்கிவிடும். மரச்செக்கு எண்ணெயின் பெருமையே அது சுத்திகரிக்கப்படாதது என்பதுதான். ஆகவே, எண்ணெயில் மிதக்கும் புண்ணாக்குத் துகளோடு நஞ்சும் அதில் இருக்கும். செக்கு எண்ணெய்க்கு வாங்கும் பருப்பு மிட்டாய்க்கு வாங்குவதைவிடத் தூய்மையாக இருக்க வேண்டும் என்பேன். நடப்பு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அதோடு, 15 என்ற வரம்பு செக்குக்குப் போகும் கடலைக்கும் பொருந்தும்.

ஒரு பிடி எடுத்துச் சோதிப்பது பற்றி. இந்த நஞ்சு மூட்டையில் உப்பைப் போலக் கரைந்து பரவி இருப்பதில்லை. சில ஆயிரம் பருப்புகளில் ஒன்றோ இரண்டோதான் நஞ்சேறியிருக்கும். ஆனால் அந்த ஒன்றில் கிலோவுக்குப் பத்து இலட்சம் மைக்ரோகிராம் என்ற செறிவு வரைக்கும் அளந்திருக்கிறார்கள். நம் கொத்து ரக நிலக்கடலையின் ஒரு பருப்பு சுமார் 0.4 கிராம் என்று வைத்துக்கொண்டால், அப்படிப்பட்ட ஒரே பருப்பில் 400 மைக்ரோகிராம் இருக்கும். வேறு எல்லாப் பருப்பும் தூயதாகவே இருந்தாலும், அந்த ஒன்று மட்டுமே 40 கிலோவை, அதாவது அரை மூட்டையை, கிலோவுக்கு 10 என்ற நிலைக்குக் கொண்டுவரப் போதும். உண்பதற்கு ஆயத்தமான கடலைக்கு நம் வரம்பே 10தான். உங்கள் கைப்பிடியில் அது வந்தால் மூட்டை பயங்கரமாகத் தெரியும். வராவிட்டால் தங்கமாகத் தெரியும். இரண்டும் பொய். அதனால்தான் அமெரிக்காவில் ஒரு சரக்குக்கு ஏறத்தாழ 22 கிலோ வீதம் மாதிரி எடுத்து, முழுவதையும் அரைத்துக் கலந்த பிறகே சோதிக்கிறார்கள். நீங்கள் பல மூட்டைகளில், மேற்பகுதியிலும் நடுவிலும் அடியிலுமாக, சிறிது சிறிதாக எடுத்து 20 கிலோ அளவுக்குச் சேர்த்து, அதை அரைத்துக் கலக்கும் வசதியுள்ள, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

ஆனால் இதே சீரின்மைதான் உங்களைக் காப்பாற்றவும் செய்யும். நஞ்சு சில பருப்புகளில் மட்டும் இருக்கிறது என்றால், அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடலாம். சுருங்கியது, தோல் கறுத்தது அல்லது சாம்பல் பூத்தது, பிளந்தது, வண்டு துளைத்தது, கசப்பது ஆகிய அனைத்தும் ஒதுக்கப்பட வேண்டும். தோல் நீக்கிப் பிளந்து பார்த்தால் உள்ளே மஞ்சள் பச்சையாகப் பூத்திருப்பது தெரியும். ஆகவே இலேசாக வறுத்துத் தோல் நீக்கியபின் மீண்டும் ஒருமுறை பொறுக்கினால் இன்னும் நிறையக் குறையும். நிறம் பார்த்துத் தள்ளும் இயந்திரம் வைத்திருப்பவர்களிடம் கூலிக்குக் கொடுக்கலாம். திரும்பி வந்த 60 மூட்டைகளுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே வழி இதுதான். பொறுக்கியபின் மறுபடி சோதித்து, 15க்குள் வந்தால் விற்கலாம். கையால் பொறுக்குபவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். ஒதுக்கியதைச் செக்குக்கோ மாட்டுக்கோ கோழிக்கோ கொடுக்காமல் ஆழப் புதைத்துவிடுங்கள்.

நிற்கும் 140 மூட்டைகளுக்கு, பதப்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஓர் ஈரமானி வாங்குங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காற்று ஈரப்பத மானியைக் கடலை நிறைந்த கண்ணாடி ஜாடிக்குள் வைத்து இறுக மூடி, ஓரிரவு நிழலில் விட்டுப் பாருங்கள். மானி 65 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் அச்சமில்லை. 70ஐத் தாண்டினால் அந்த மூட்டையைப் பிரித்தே ஆக வேண்டும். 80ஐத் தாண்டிய இடம் இந்தப் பூஞ்சணத்துக்கு வீடு. நெல்லை 14 விழுக்காடு ஈரத்தில் வைக்கிறோமே, கடலைப் பருப்புக்கு மட்டும் ஏன் 7 என்று சிலர் கேட்பதுண்டு. எண்ணெய் தண்ணீரைத் தாங்காது; பருப்பில் இருக்கும் 7 பங்கு ஈரமும் எண்ணெய் அல்லாத மற்றப் பாதியிலேயே அடங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாதியைக் கொண்டு கணக்கிட்டால் அதுவும் 14தான்.

ஈரம் கூடிய மூட்டைகளைப் பிரித்து, தார்ப்பாயின் மேல் மெல்லிய அடுக்காகப் பரப்பி, உலர்ந்த காற்று வீசும் பகலில் காயவையுங்கள். கடும் வெயிலில் பருப்பாகக் காய்ந்தால் சிக்கு வாடை வரும். ஆகவே இளவெயில் அல்லது நிழலும் காற்றும் போதும். பனி இறங்குமுன் மூடிவிட வேண்டும். காய்ந்ததை மீண்டும் சணல் சாக்கில் மட்டும் பிடித்தால் அடுத்த மழையில் அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சாக்குக்குள் காற்றுப் புகாத தடித்த நெகிழி உறையைப் போட்டு வாயை இறுகக் கட்டி, மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள். ஈரம் இறங்காத பருப்பை அந்த உறையில் கட்டிவிடாதீர்கள். அது புளித்துப் போகும்.

இவ்வளவும் செய்தாலும், வயலிலேயே ஏறிய நஞ்சுக்குக் கிடங்கு பொறுப்பாகாது. காய் முற்றும் கடைசி மாதத்தில் மழை பொய்த்து மண் சூடானால், மண்ணில் இருக்கும் பூஞ்சணம் காய்க்குள் அப்போதே நுழைந்துவிடும். அமெரிக்காவில் நஞ்சு உண்டாக்காத ஃபிளேவஸ் வகையை வயலில் தூவி, நஞ்சுள்ள வகைக்கு இடமில்லாமல் செய்யும் முறைக்கு 2004இல் அனுமதி கிடைத்தது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவும் அதே வழியில் போகின்றன. உங்களால் இப்போது செய்யக்கூடியது, அடுத்த பட்டத்தில் யாரிடம் வாங்குகிறீர்களோ அவர்களுடைய வயல் கடைசி முப்பது நாளில் காய்ந்ததா என்று கேட்டு, அந்தக் காயைத் தனியாக வைப்பது.

மல்லாட்டை மூட்டை

நேற்று ஜாடிச் சோதனையைச் செய்து பார்த்தேன். மேலடுக்கு மூட்டைகளில் 66, 67 என்று வந்தது. தரையில் படிந்திருந்த மூட்டைகளில் 74; சுவரோரத்து மூலையில் இருந்த ஒன்றில் 79. தரையோடும் சுவரோடும் ஒட்டியிருந்த 38 மூட்டைகளைத் தனியாகப் பிரித்துவிட்டேன். பொங்கல் கழிந்ததும் வேலைக்கு ஆள் கிடைக்கும், அப்போது காயவைத்துப் பொறுக்கப் போகிறோம். செக்குக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். தூள் விற்பவர் இன்று காலையும் தொலைபேசியில் அழைத்தார், பருப்பின் பி.எச். என்ன என்று கேட்டேன், விசாரித்துச் சொல்வதாகக் கூறினார். மாசியில் வரும் இறவைக் காயை உடைக்கக் கொடுக்கும்போது, தண்ணீர் தெளிக்காமல் உடைத்தால் கூலியில் எவ்வளவு கூட்டிக் கேட்பார்கள், உடைசல் எவ்வளவு கூடும் என்பதைக் களத்துமேடு ஐயா தெரிவித்தால், அதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்வேன்.

களத்துமேடு

என் ஊரில் கூலி கூட்டிக் கேட்பதில்லை. உடைசலுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று மட்டும் சொல்வார்கள். சல்லடையின் அளவையும் இயந்திரத்தின் வேகத்தையும் உங்கள் காய்க்கு ஏற்ப மாற்றச் சொல்லி, முதலில் இரண்டு மூட்டைக் காயை மட்டும் போட்டுப் பாருங்கள். உடைசலைத் தனியாகப் பிடித்து உடனே விற்றுவிடுங்கள். இருப்பு வைக்க வேண்டாம், பிளந்த பருப்பில்தான் பூஞ்சணம் முதலில் ஏறும். தெளித்தே தீருவோம் என்று அடம்பிடித்தால், உடைத்த பருப்பை ஒரு பகல் காயவிட்டுப் பிறகே சாக்கில் பிடிப்பேன் என்று முன்கூட்டியே பேசி, அவர்கள் களத்திலேயே இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.